கொண்டை சாய்ந்த திசை

அத்தியாயம் பதினொன்று

“எனக்கு வேலை போனாலும் பரவாயில்ல. அந்த ஆள் விழணும். நாலு பேர் பாக்க விழணும். விழற சத்தம் என் காதுக்கு வந்து சேரணும்.”

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வந்தவள் இதைச் சொல்லி முடித்துவிட்டாள். துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாக முதலில் தண்ணீர் கேட்பார்கள். கொஞ்சம் மனசு இளகினவர்கள் கைக்குட்டை கேட்பார்கள். இவள் எடுத்த எடுப்பில் பழி கேட்டாள். வாலு மேஜை மேலிருந்த கத்தரிக்கோலையும் ஸ்டேப்ளரையும் சத்தமில்லாமல் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

“உக்காரும்மா,” என்றாள் அண்ணி. “யார் விழணும், எவ்வளவு உயரத்துலேர்ந்து விழணும், ரெண்டையும் வரிசையா சொல்லு.”

அண்ணி என்பது அவள் பெயரல்ல. வாலுவுக்கு அவள் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அவன் அண்ணி என்று கூப்பிட்டான். அதைக் கேட்டுத் தபால்காரர் அண்ணி என்றார், கீழ்மாடி டயர் கடைக்காரர் அண்ணி என்றார். போன அத்தியாயத்தில் பிடிபட்ட பல்செட் திருடன்கூட ஜீப்பில் ஏறும்போது, “வரேன் அண்ணி,” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான். துப்பறிய வருவதற்கு முன் அவள் கணக்கு டீச்சர். அவள் விடைத்தாள் திருத்திய காலத்தில் ஊரில் சிவப்பு மைக்குத் தட்டுப்பாடு வந்தது என்பான் வாலு. காப்பியடித்தவனை அவன் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றுகிற தினுசிலேயே கண்டுபிடித்துவிடுவாளாம்.

வாலுவுக்கு நாற்பத்தைந்து வயசு. வயசுக்கு ஏற்ற அடக்கம் வருமென்று வீட்டில் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“நான் வான் ஆபத்து ஆய்வு நிலையத்துல இருக்கேன்,” என்றாள் வந்தவள். “வால்நட்சத்திரம் பூமியில வந்து மோதினா என்ன ஆகும்னு கம்ப்யூட்டருக்குள்ள ஒத்திகை பாக்கறது என் வேலை.”

“மேலேர்ந்து விழறதுக்கு ஒத்திகையா?” என்றான் வாலு. “எங்க தெரு நாடகக்காரங்க மேடை ஏறவே ஒத்திகை பாத்தது கிடையாது மேடம்.”

“வாலு,” என்றாள் அண்ணி. அவன் வாயை மூடிக்கொண்டான். பாதி.

“விழறது பெரிய விஷயமில்ல,” என்றாள் அவள். “விழுந்த பிறகு மேல ஒண்ணு கிளம்பும் பாருங்க, அதுதான் விஷயம். கல்லு காத்தைத் துளைச்சுக்கிட்டு வரும். அது வந்த பாதை ஒரு சுரங்கம் மாதிரி காலியா இருக்கும். கீழ வெடிச்சதும், சூடான தூசும் ஆவியும் எந்தப் பக்கம் தடுப்பு இல்லையோ அந்தப் பக்கம் பீச்சும். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தா வாய் வழியாத்தானே பொங்கும்? அதே மாதிரி, வந்த சுரங்கம் வழியாவே திரும்பி மேல ஏறும். நேரா ஏறாது, சாஞ்சு ஏறும். மேற்கேர்ந்து வந்த கல்லுன்னா மேற்குப் பக்கமா சாயும். செயற்கைக்கோள் சுத்தற உயரம் வரைக்கும் போகும். காத்தே கிடையாத உயரம். நாங்க அதைக் கொண்டைன்னு சொல்வோம்.”

“கல்லுக்கு வாலு, வெடிக்குக் கொண்டை,” என்றான் வாலு. “வந்த வழியைப் பாத்துட்டுப் போகுதுன்னா நல்ல குணம்தான். எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு இல்லாத குணம்.”

அந்தக் கொண்டைக்குப் பின்னாலேயே ஓடி அவள் வயசில் பாதி போயிருந்தது. எந்தக் கல் எந்தச் சாய்வில் வந்தால் கொண்டை எத்தனை உயரம் எழும்பும், எந்தச் செயற்கைக்கோளை எந்தப் பக்கம் நகர்த்தினால் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். தலையில் கொண்டை போட ஒரு பிடி முடிகூடக் கிடையாது, கிராப். இருந்தும் நிலையத்தில் அவள் பெயரே கொண்டை என்று ஆகிவிட்டது.

“விழ வேண்டியவர் யாரு?”

“எங்க இயக்குநர். மெடல்னு சொல்வோம். என் ஒத்திகையை எடுத்துத் தன் பேரைப் போட்டுக்கிட்டு மெடல் வாங்கினார். சாப்பாட்டு மேஜைக்குக்கூட அதைக் குத்திக்கிட்டுத்தான் வருவார். மேடையில அவர் பேசறப்போ படத்தை மாத்திக் காட்ட என்னை ஓரமா உக்கார வச்சார். கடைசியில எல்லாருக்கும் நன்றி சொன்னார். கதவு தொறந்து விட்டவருக்குக்கூட. அப்புறம், ‘பட்டன் அமுக்கின பொண்ணுக்கும் நன்றி’ன்னார்.”

பட்டன் என்று சொன்னபோது அவளுடைய வலது கட்டைவிரல் நாற்காலிக் கைப்பிடியைத் தானாக ஒருமுறை அமுக்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. வாலு கவனித்தான்.

மீதியை அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். போன மாதம் வால்நட்சத்திரத்தின் ஒரு சில்லு நிஜமாகவே மேற்கிலிருந்து வந்து, ஆளில்லாத கடலுக்கு மேலே வெடித்தது. கீழே ஒரு மீனுக்குக்கூடக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் சில்லு வருகிறது என்று தெரிந்ததுமே, எல்லோருக்கும் முந்தி எச்சரிக்கை விட்டுப் பேர் வாங்க நினைத்த மெடல், தன் அறையிலிருந்தே ஒத்திகையை ஓட்டினார். கொண்டை கிழக்கே சாயும் என்றார். கிழக்குப் பக்கம் சிவனே என்று போய்க்கொண்டிருந்த ஒரு செயற்கைக்கோளை அவசர அவசரமாக மேற்குப் பக்கம் தள்ளினார்கள். கொண்டை மேற்கே சாய்ந்தது. தூசு மழையில் கோளின் கண்கள் அத்தனையும் அவிந்துபோயின.

“தப்பிக்கத் தள்ளின இடத்துல கொண்டுபோய் மாட்டிவிட்டாச்சு,” என்றான் வாலு.

“இப்ப எல்லாம் என் கவனக்குறைவுங்கறார். இன்னிக்கு மதியம் விசாரணை. நடத்தறது அந்தக் கோளைக் கட்டின அம்மா. பெரியம்மான்னு சொல்வோம். யார் செஞ்சிருந்தாலும் அவங்க விடமாட்டாங்க. என் பக்கத்துக்கு நான் ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமாம். நீங்க வாங்க. எச்சரிக்கை அவர் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போச்சு, என்னோடதுலேர்ந்து போகல. அதை மட்டும் நிரூபிச்சாப் போதும்.”

“அது மட்டும் போதுமா?”

“போதும்.”

அந்தப் ‘போதும்’ கொஞ்சம் முந்திக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அவள் கண்ணாடி துடைத்தால் ஊரில் யாரோ ஒருவருக்குக் கெட்ட நேரம் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். யாருக்கு என்பது மட்டும் வாலுவுக்குப் பிடிபடவில்லை.

*

ஆய்வு நிலையத்துக்குள் இருந்த குளிருக்குத் தும்மினால் ஆலங்கட்டி விழும். பெரிய கம்ப்யூட்டர் இருக்கும் கூடத்திலிருந்து எண்ணூறு எருமைகள் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. லிஃப்ட்டின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. வாலு சீப்பை எடுத்து வேலையில் இறங்கினான்.

“இந்தக் கண்ணாடி சரியில்ல அண்ணி. இடது பக்கம் எடுத்த வகிடை வலது பக்கம் காட்டுது.”

“எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான் காட்டும். இத்தனை வருஷமா சீவறே, இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?”

“இன்னிக்குத்தான் வெளிச்சம் நல்லா இருக்கு.”

“அந்தப் பட்டனை அழுத்தி அமுக்கணும்,” என்றாள் கொண்டை. “லேசா தொட்டா நகராது. மெடல் சார் தொடவே மாட்டார். அமுக்க யாராவது வர்ற வரைக்கும் வாசல்லயே நிப்பார்.” அவள் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது.

மேல்மாடியில் அவளை அவள் அறைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு பேரும் மெடலின் அறைக்குப் போனார்கள். அங்கே ஒரு சின்னக் கல்யாணம் நடத்தலாம். பந்திக்கும் இடம் மிஞ்சும். நடுவில் கோட்டு போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கோட்டின் மேல் மெடல். அது பக்கத்துக் கட்டடம் வரை வெளிச்சம் அடித்தது.

“அந்தப் பொண்ணுக்காக வந்திருக்கீங்களா? பாவம்,” என்றார். “விசாரணையில வச்சுக்கலாமே.”

“நீங்க புரியவச்சுட்டா விசாரணையே வேண்டாம் சார்,” என்றான் வாலு. முகத்தில் பக்தி சொட்டியது. “உங்க வாயால கேட்டாத்தான் எங்களுக்கு மண்டையில ஏறும்னு வெளிய நாலு பேர் சொன்னாங்க. தப்பு அவளுதுன்னு புரிஞ்சா நாங்களே ஒத்துக்கிட்டுக் கிளம்பிடுவோம்.”

அவர் உருகுவதற்கு அதுவே அதிகம். எழுந்து வந்து வெள்ளைப் பலகை முன்னால் நின்றார்.

“சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி, கொண்டையைப் படமாப் போட்டுக் காட்டுங்களேன்,” என்றாள் அண்ணி.

அவர் பேனாவால் ஒரு கோடு இழுத்தார், கடல். மேற்கிலிருந்து சாய்வாக ஒரு அம்பு, கல். அம்பு முடிந்த இடத்தில் ஒரு தூண் எழுப்பினார். தென்னை மரம் போல நட்டகுத்தலாக நின்றது. உச்சியில் கீற்றுகூடப் போட்டார்.

“வெடிச்சா புகை மேலதானே போகும்?” என்றார்.

“உங்க ஒத்திகையில சாஞ்சு இருக்குன்னாங்களே சார்.”

“அது…” அவர் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஒரு படத்தை ஓடவிட்டார். திரையில் கல் மேற்கிலிருந்து வந்து வெடித்தது. கொண்டை எழும்பி, வந்த வழிக்கு எதிர்ப்பக்கமாகக் கிழக்கே சாய்ந்தது. “அது காத்து. அடிக்கிற காத்துல சாயுது.”

“அவ்வளவு உயரத்துல காத்து இருக்குமா சார்?”

“நிறைய இருக்கும். மேல போகப் போகக் காத்து ஜாஸ்தி. மொட்டை மாடியில நின்னு பாத்திருப்பீங்களே.”

வாலு கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டான். அண்ணி மட்டும், வகுப்பில் முதல் பெஞ்சு மாணவியைப் போலத் தலையாட்டினாள். “ரொம்பத் தெளிவா இருக்கு சார். அந்தப் படத்தை ஒரு தாள்ல அச்செடுத்துக் குடுங்களேன். வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பாக்கறேன்.”

அவர் அச்செடுத்து, கேட்காமலே கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வாலு கைகளைத் தேய்த்துக்கொண்டான். “முடிஞ்சுது அண்ணி. எச்சரிக்கை இந்த ரூம்லேர்ந்துதான் போயிருக்கு. தப்பான படம் இங்கதான் இருக்கு. கையெழுத்து வேற. ஆளை வாழையிலையில வச்சுப் பரிமாறிடலாம்.”

“ஒரு விஷயம் இடிக்குதே வாலு.”

“என்ன இடிக்குது?”

“இந்த ஆளு இந்தத் தப்பைப் பண்ற அளவுக்குக்கூட விஷயம் தெரிஞ்சவர் இல்ல.”

*

கொண்டையின் அறை, ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் மற்ற இருவரும் மூச்சை அடக்க வேண்டிய அளவு. ஆனால் ஜன்னல் பெரிசு. வெயில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று நின்றது. அவள் தன் சரியான ஒத்திகையை ஓட்டிக் காட்டினாள். அதே கல் மேற்கிலிருந்து வந்தது, அதே இடத்தில் வெடித்தது. கொண்டை எழும்பி மேற்கே சாய்ந்தது. வாலுவுக்கு உள்ளபடியே சிலிர்த்தது. எறிந்தவன் முகத்தைத் தேடிக்கொண்டு திரும்பிப் போகிற மாதிரி இருந்தது அது.

“இதையும் ஒரு தாள்ல குடும்மா,” என்றாள் அண்ணி.

இரண்டு தாள்களையும் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் கொண்டை கிழக்கே, ஒன்றில் மேற்கே. வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இரண்டாவது தடவை.

“வாலு, லிஃப்ட்ல உன் வகிடு எந்தப் பக்கம் இருந்தது?”

“வலது பக்கம். நிஜத்துல இடது. ஏன், எனக்கு எது பொருத்தம்னு பாக்கறீங்களா?”

அண்ணி மெடல் தந்த தாளை முன்பின்னாகத் திருப்பினாள். அதன் முதுகு இப்போது இவர்களைப் பார்த்தது. ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெயிலில் படம் பின்பக்கமாகத் தெரிந்தது. அதன் மேல் கொண்டையின் தாளை வைத்தாள். இரண்டு கொண்டைகளும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தன. ஒரு சுருள் பிசகவில்லை, ஒரு நூல் சாய்வு கூடவோ குறையவோ இல்லை. ஒரே கொண்டை ஆகிவிட்டது.

“அட,” என்றான் வாலு. “கண்ணாடியில பாத்த மாதிரி.”

அவனுக்குத்தான் சந்தோஷம். கொண்டை ஜன்னலைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ரொம்ப வருஷம் விடைத்தாள் திருத்தினவ,” என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. “தெரியாதவன் போடற தப்பு கண்ட பக்கம் போகும். தென்னை மரமா நிக்கும், காத்துல ஆடும். இது அப்படி இல்ல. எவ்வளவு சாயணுமோ அவ்வளவே சாஞ்சிருக்கு, எதிர்ப்பக்கமா. இவ்வளவு சுத்தமாத் தப்புப் பண்ணணும்னா, சரியான விடை கரதலப்பாடமாத் தெரிஞ்சிருக்கணும். இந்தக் கட்டடத்துல சரியான விடை தெரிஞ்சவங்க எத்தனை பேரும்மா?”

எருமைகள் தூரத்தில் பெருமூச்சு விட்டன.

“ஒருத்திதான்,” என்றாள் கொண்டை.

பழி வாங்கிக் கொடு என்று வந்தவள், ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

“ஒரே ஒரு கழித்தல் குறி,” என்றாள் அவள். “அவர் திருடிட்டுப் போற பிரதியில மட்டும் வச்சேன். அடுத்த மாநாட்டுல அதைத்தான் காட்டுவார்னு தெரியும். விஷயம் தெரிஞ்சவங்க நெறஞ்ச ஹால்ல யாராவது ஒருத்தர் சிரிக்கணும். ஏன் சிரிக்கறாங்கன்னு அவருக்குப் புரியாம முழிக்கணும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. அதுக்கு முன்னாடி நிஜக் கல்லு வந்துடுச்சு.”

“எச்சரிக்கை போனதும் ஏன் சொல்லல?”

“எனக்குத் தெரியறப்போ கோளைத் தள்ளிட்டாங்க. ஆனாலும் திருப்பித் தள்ள நேரம் இருந்தது. போனைக் கையில எடுத்தேன். சொன்னா, குறி வச்சது நான்னு தெரிஞ்சுடும். கீழ வச்சுட்டேன்.”

“அப்புறம் என்கிட்ட வந்தே. என்னை அம்பாக்கி விடலாம்னு.”

“ஆமா.”

அண்ணிக்குக் கோபம் வந்தால் அவள் மூக்கின் மேல் கண்ணாடி தானாக ஏறும் என்பது குடும்பத்தில் பிரசித்தம். இப்போது ஏறியது. “நான் போய் உள்ள உண்மையைச் சொல்லத்தான் போறேன். கூட்டிட்டு வந்தவங்களுக்காக மார்க்கை மாத்திப் போடற பழக்கம் எனக்கு இல்ல. ஆனா ஒண்ணு. சரியான விடை எல்லாருக்கும் பொது. அதுல யார் வேணாலும் பேர் எழுதிக்கலாம், உங்க மெடல் எழுதிக்கிட்ட மாதிரி. தப்பு மட்டும்தான் சொந்தம். அதை வேற யாரும் திருட முடியாது. யோசிச்சுப் பாரு.”

அவள் யோசித்தாள். வாலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் பயம் போயிற்று. அப்புறம் வருத்தமும் போயிற்று. கடைசியில் மிஞ்சியது காலையில் அவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கொண்டு வந்திருந்த அதே முகம். அதைவிடக் கொஞ்சம் அழகாகக்கூட இருந்தது.

“நானே போறேன்,” என்றாள். “நீங்க அவரை ஒரே ஒரு கேள்வி கேளுங்க.”

*

விசாரணை மேஜையின் தலைமாட்டில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவம். கையில் ஒரு திருகாணி. கோளைக் கட்டி முடித்த அன்று மிச்சமான ஒரே திருகாணி அது. அன்றிலிருந்து அது அவள் பையில்தான் குடியிருக்கிறது. அதை மேஜையில் உருட்டிக்கொண்டே பேசினாள்.

“என் பொண்ணு அங்க கண்ணு தெரியாம சுத்திக்கிட்டிருக்கா. குத்தினது யாருன்னு தெரியாம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கறதா இல்ல. யார் முதல்ல பேசறீங்க?”

மெடல்தான் பேசினார். எந்த மேஜையிலும் அவர்தான் முதலில் பேசுவார். தன் உழைப்பு, தன் மெடல், தன் பெருந்தன்மை என்று ஊர்வலம் போய்விட்டு, கடைசியில் வந்து சேர்ந்தார். “ஒத்திகை என்னோடது. தப்பு மட்டும் இந்தப் பொண்ணோடது.”

“வீடு உங்களுது, ஓட்டை அவளுது. அப்படித்தானே சார்?” என்றாள் அண்ணி.

“ரொம்பச் சரியாச் சொன்னீங்க.”

“அப்ப ஓட்டை எங்க இருக்குன்னு காட்டுங்க. உங்க வீடுதானே.”

சுவர்த்திரையில் ஒத்திகையின் வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓடின. ஆயிரக்கணக்கில் இருக்கும். மெடல் மேலே போனார், கீழே போனார், மறுபடி மேலே போனார். ரயிலைத் தவறவிட்டவன் பிளாட்ஃபாரத்தில் நடக்கிற நடை. “இது ரொம்ப நுட்பமான சமாசாரம்,” என்றார். கோட்டுக்குள் வியர்த்தது. அந்தக் குளிரில் வியர்ப்பதற்குத் தனித்திறமை வேண்டும்.

“சார் தேடட்டும்,” என்றான் வாலு. “நாம போய்ச் சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம்.”

கொண்டை எழுந்தாள். சொந்த வீட்டு இருட்டில் சுவிட்சுக்குக் கை நீட்டுகிற மாதிரி, தேடாமலே அந்த வரிக்குப் போனாள். ஒரே ஒரு சின்னக் கோட்டை அழித்தாள். ஓடவிட்டாள். கல் வந்தது, வெடித்தது. இத்தனை நாள் கிழக்கே சாய்ந்திருந்த கொண்டை நிமிர்ந்து எழும்பி, வந்த வழியைப் பார்த்து மேற்கே சாய்ந்தது.

பெரியம்மாவின் கையில் திருகாணி நின்றுவிட்டது.

“பாத்தீங்களா?” மெடல் மேஜையைத் தட்டினார். முகத்தில் மறுபடி வெளிச்சம். “எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கா. வேணும்னே இவதான் வச்சிருக்கா.”

“ஆமா சார்,” என்றாள் கொண்டை. “நான்தான் வச்சேன்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மறுப்பாள், அழுவாள், தான் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டலாம் என்று இருந்தார்.

“என் வீட்டுல எங்க வேணாலும் நான் ஓட்டை போடுவேன். உங்க வீடா இருந்தா ஒழுகறப்பவாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். மேடையில படத்தை மாத்த என்னை உக்கார வச்சீங்க. நிஜக் கல்லு வந்த அன்னிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தா போதும், ஒரே நிமிஷத்துல இந்தக் கோட்டை அழிச்சிருப்பேன். அன்னிக்கு மட்டும் பட்டனை நீங்களே அமுக்கிட்டீங்க.”

பிறகு அவள் பெரியம்மா பக்கம் திரும்பி, போனைக் கையில் எடுத்ததையும் கீழே வைத்ததையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தேய்ந்தது.

“சார்,” என்றாள் பெரியம்மா, மெடலைப் பார்த்து. “ஒத்திகை உங்களுதுன்னா, அதுல இருந்த தப்பும் உங்களுது. என் பொண்ணு கண்ணுக்கு நீங்க பதில் சொல்லணும். தப்பு உங்களுது இல்லன்னா, ஒத்திகையும் உங்களுது இல்ல. சட்டையில குத்தியிருக்கீங்களே, அதுக்குப் பதில் சொல்லணும். எது வேணும்?”

மெடலின் வாய் திறந்தது. மூடியது. மீன் கடையில் பனிக்கட்டி மேல் கிடக்கிற மீன்கள்கூட அந்தச் சமயத்தில் அவரைவிடத் தெளிவாகப் பேசியிருக்கும்.

“எனக்கு…” என்றார். “எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

அவர் சரிந்து உட்கார்ந்த நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. அவ்வளவுதான் சத்தம். கொண்டை கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

பெரியம்மா திருகாணியைப் பையில் போட்டாள். “ஒத்திகை மேல இனிமே இவ பேர் இருக்கும். சரியான பிரதியிலயும் இருக்கும், தப்பான பிரதியிலயும் இருக்கும். சார், நீங்க மேஜையைக் காலி பண்ணுங்க.” கொண்டையைப் பார்த்தாள். கண்ணில் ஈரம் இருந்ததா, நெருப்பு இருந்ததா என்று வாலுவால் சொல்ல முடியவில்லை. “போனைக் கீழ வச்சவளும் காலி பண்ணணும்.”

“சரிம்மா,” என்றாள் கொண்டை.

*

அட்டைப்பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மெடல் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் மேலாக மெடலின் நாடா எட்டிப் பார்த்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. பட்டன் அவர் மூக்குக்கு நேரே இருந்தது. யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கொண்டை வந்தாள். அவள் கையிலும் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தி அமுக்கினாள். லிஃப்ட் முனகிக்கொண்டே வந்து வாயைத் திறந்தது. அவர் உள்ளே போனார். அவளும் போனாள். பின்னாலேயே ஏறப்போன வாலுவின் சட்டைக் காலரை அண்ணி பிடித்துக்கொண்டாள்.

“படியில போலாம்.”

“உங்க முட்டிக்கு ஆகாதே அண்ணி.”

“ஆகும். மேலேர்ந்து ரெண்டு பேர் விழறாங்க. நடுவுல நாம எதுக்கு?”

உள்ளே கண்ணாடியோடு சேர்த்து நான்கு பேர் தெரிந்தார்கள்: இரண்டு மெடல்கள், இரண்டு கொண்டைகள். கதவு மூட ஆரம்பித்தது. அவள் வேலை போனவள் மாதிரி நிற்கவில்லை. ஓரத்திலிருந்து எழுந்து ஒருவழியாக மேடை நடுவுக்கு வந்துவிட்டவள் மாதிரி நின்றாள்.

“கீழதானே சார்?” என்றாள், ரொம்ப மரியாதையாக. “நானே அமுக்கறேன்.”